கையெழுத்து யாருடையது?

ஹைதராபாதின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ம் தேதி தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 2008 செப்டம்பர் 30-ம் தேதிக் கணக்குப்படி நிறுவனத்தின் ரொக்கமும் வங்கி இருப்பும் ரூ. 5,361 கோடி. அதில் ரூ. 5,040 கோடி என்பது வெறும் காகிதத்தில் மட்டுமே இருந்தது என்று அதில் ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு ரூ. 376 கோடி வட்டியும் வரவு வைக்கப்பட்டிருந்தது. அன்று ஒரே நாளில் சத்யம் பங்கின் விலை ரூ. 179-லிருந்து ரூ. 40-க்கும் கீழே விழுந்தது.

பெரிய மோசடி என்றால் பெரிய சூட்சுமம் இருக்கும் என்று நினைப்போம். இதில் அப்படி ஒன்றும் இல்லை. பொய் பில்கள், பொய் வங்கிக் கடிதங்கள். அவ்வளவுதான். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆடிட்டருக்கு ஒரு சுலபமான வழி உண்டு. வங்கிக்குத் தானே கடிதம் எழுதி, பதிலைத் தன் விலாசத்துக்கே வரவழைக்க வேண்டும். தணிக்கை படிக்கும் மாணவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் இது. சத்யம் விஷயத்தில் அந்தக் கடிதங்களை அனுப்புவதும் பதில்களை வாங்கி வருவதும் நிறுவன நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தது என்று அமெரிக்காவின் எஸ்.இ.சி. 2011-ல் கூறியது. தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் கிளை நிறுவனங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், எஸ்.இ.சி.க்கு மட்டும் 60 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

ஹைதராபாதிலுள்ள சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரல் 9-ம் தேதி ராஜு உள்பட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் ஆடிட் நிறுவனத்தின் முன்னாள் பங்குதாரர்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸுக்கு செபி 2018-ல் விதித்த இரண்டாண்டுத் தடையை, சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. சதி இருந்ததா என்பதில் அமைப்புகள் மாறுபட்டன. சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்க்கவில்லை என்பதை யாரும் மறுக்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், கேட்கக் கூடாதவரிடம் கேட்டு, அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டதுதான் அங்கே நடந்தது.

பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதே காரியம் நம் வீட்டில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடக்கிறது, கொஞ்சம் தலைகீழாக. அங்கே வாடிக்கையாளர் கொடுத்த காகிதத்தைப் பார்க்காமல் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார். இங்கே ஆடிட்டர் கொடுத்த காகிதத்தைப் பார்க்காமல் நாம் போடுகிறோம்.

அதன் விலை என்ன என்பதையும் ஹைதராபாதே காட்டியது. 2023 ஜூனில் அந்நகரத்தின் சில வரி ஆலோசகர்களது அலுவலகங்களில் வருமான வரித் துறை ஆய்வு நடத்தியது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இல்லாத கழிவுகளைக் காட்டி, பிடித்தம் செய்த வரியைத் திரும்ப வாங்கித் தருவதுதான் அவர்களுடைய தொழில் என்பது புகார். இது ஓர் ஊரின் வியாதி அல்ல. 2025 ஜூலை 14-ம் தேதி தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களில் இத்தகைய இடைத்தரகர்களைக் குறிவைத்து வருமான வரித் துறை சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி ரூ. 1,045 கோடி அளவுக்குப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியிருந்தார்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது. வாங்காத கல்விக் கடன், வராத நோய், கொடுக்காத கட்சி நன்கொடை, குடியிருக்காத வீட்டுக்கு வாடகை என்று பட்டியல் நீண்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சதவீத வரி விகிதத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆலோசகர் ரூ. 2 லட்சம் பொய்க் கழிவு காட்டுகிறார். செஸ் நீங்கலாக ரூ. 60,000 திரும்ப வருகிறது. அதில் பத்து சதவீதம் என்று பேசியிருந்தால் ஆலோசகருக்கு ரூ. 6,000. இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வருகிறது. வாங்கிய ரூ. 60,000 திரும்பக் கட்ட வேண்டும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது ரூ. 1,20,000 அபராதம். வட்டி தனி. நோட்டீஸில் இருப்பது உங்கள் பெயர். ஆலோசகர் தொலைபேசியை எடுப்பாரா என்பது சந்தேகம். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்தான் போட்டார்’ என்ற பதிலால் வரியும் வட்டியும் குறையாது. ரிட்டர்னில் உறுதிமொழி கொடுப்பவர் நீங்கள்.

யார் ஆடிட்டர்?

தமிழில் ‘ஆடிட்டர்’ என்ற சொல் படாத பாடு படுகிறது. கணக்கு எழுதுபவர், வரி கட்டித் தருபவர், ஜி.எஸ்.டி. பதிவு செய்து கொடுப்பவர், பத்திர அலுவலகத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் எல்லாருமே நமக்கு ஆடிட்டர் சார்தான். சட்டத்துக்கு அப்படி இல்லை. 1949-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில், அதாவது ஐ.சி.ஏ.ஐ.யில், உறுப்பினராக இருப்பவரே சி.ஏ. அவரும் தொழில் நடத்தும் சான்றிதழ் வைத்திருந்தால்தான் வெளியாருக்காகக் கையெழுத்துப் போடலாம். ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சி.ஏ. மைத்துனர் யோசனை சொல்லலாம். உங்கள் கடையின் கணக்கைத் தணிக்கை செய்து சான்று தரக் கூடாது.

மற்றவர்கள் எல்லாம் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. வழக்கறிஞர்கள், காஸ்ட் அக்கவுண்டன்ட்கள், வரி ஆலோசகர்கள் பலர் திறமையாகவும் நேர்மையாகவும் ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் கம்பெனித் தணிக்கையும் வருமான வரித் தணிக்கையும் சி.ஏ.க்கு மட்டுமே உரியவை. தவறு செய்தால் கூப்பிட்டு விசாரித்து, பட்டியலிலிருந்து பெயரையே நீக்கக்கூடிய ஓர் அமைப்பு அவர் தலைக்கு மேல் இருக்கிறது. அப்படி ஓர் அமைப்பு இல்லாதவரிடம் போகும்போது நீங்கள்தான் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சி.பி.ஏ. என்ற சொல்லும் புழங்குகிறது. அது அங்கே மாநில வாரியங்கள் தரும் உரிமம். அந்த ஊர் வரிக்கு அவர், இந்த ஊர் வரிக்கு இவர். ஒருவரே இரண்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் இரண்டு தகுதியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தேவைதானா?

முதலில் உங்களுக்கு ஆடிட்டர் வேண்டுமா என்பதையே யோசிக்கலாம். ஒரே சம்பளம், கொஞ்சம் வங்கி வட்டி, ஃபாரம் 16 கையில் இருக்கிறது, புதிய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால் பெரும்பாலான கழிவுகளுக்கு அங்கே இடமே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே முடித்துவிடலாம். ‘புதிய முறையிலும் பெரிய தொகை திரும்ப வாங்கித் தருகிறேன்’ என்பவர் எங்கிருந்து வாங்கித் தருவார் என்று கேட்டுப் பாருங்கள்.

வீடு, நிலம் விற்ற வருடம், பங்குகளில் பெரிய வரவு செலவு நடந்த வருடம், வெளிநாட்டிலிருந்து திரும்பிய வருடம், சொந்தத் தொழில் தொடங்கிய வருடம்: இவற்றில் கட்டாயம் ஒருவரைப் பாருங்கள். வியாபாரத்தில் ஆண்டு விற்பனை ரூ. 1 கோடியைத் தாண்டினால் தணிக்கை தேவைப்படலாம். ரொக்கப் பரிவர்த்தனை 5 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வரம்பு ரூ. 10 கோடி.

ஹைதராபாத், சென்னை, பெங்களூர் மென்பொருள் ஊழியர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் பங்குகளை ஊழியர்களுக்குக் கொடுக்கிறது. அதற்கு வரியும் சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் இந்தியக் குடிவாசி, விற்காவிட்டாலும், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான தனி அட்டவணையில் அவற்றைக் காட்ட வேண்டும். அதுவும் ஏப்ரல்-மார்ச் கணக்கில் இல்லை, ஜனவரி-டிசம்பர் கணக்கில். காட்டாவிட்டால் 2015-ம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் ரூ. 10 லட்சம் வரை அபராதத்துக்கு இடமுண்டு. அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துக்கள் மொத்தம் ரூ. 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அபராதத்திலிருந்து விலக்கு. ஆனால் காட்ட வேண்டிய கடமை போய்விடவில்லை. ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்க நல்ல பரீட்சை இது. ‘என்னிடம் அமெரிக்கப் பங்கு இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வியை அவர் கேட்கிறாரா என்று பாருங்கள்.

பேச்சை முடிக்குமுன்

உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். உண்மையான சி.ஏ. கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய முத்திரையிலேயே அது இருக்கும். ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் பெயரைத் தேடி உறுதி செய்துகொள்ளலாம். அவர் தரும் சான்றிதழ்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். போலி முத்திரைகளைத் தடுக்க 2019-ல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. அந்த எண்ணை ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வங்கிக் கடனுக்காகவோ விசாவுக்காகவோ நிகர சொத்துச் சான்றிதழ் வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

கட்டணத்தை முதலிலேயே பேசுங்கள். வேலைக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். ‘திரும்ப வருவதில் இவ்வளவு சதவீதம்’ என்று ஒரு சி.ஏ. கேட்டால் எழுந்துவிடலாம். லாபத்தில் சதவீதமாகவோ, முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவது, விதிகள் குறிப்பிட்டு அனுமதிக்கும் சில வேலைகள் தவிர, அவர்களுடைய தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம். காரணம் எளிது. தொகை கூடினால் தன் கூலியும் கூடும் என்ற நிலையில் இருப்பவருக்கு உண்மையைச் சொல்ல மனம் வராது. தானாக வலிய வந்து வாடிக்கையாளர் பிடிப்பதும் அவர்களுக்குத் தடை. ஆகவே ‘ரீஃபண்ட் உத்தரவாதம்’ என்று வாட்ஸ்அப்பில் வருபவர், சி.ஏ.யாக இருந்தால் விதியை மீறுகிறார். இல்லாவிட்டால் அவருக்கு விதியே இல்லை.

வேலையை யார் செய்வார்கள் என்றும் கேளுங்கள். ஆர்ட்டிகிள் பையன்கள் செய்வதில் தப்பில்லை, சி.ஏ. படிப்பே அப்படித்தான் நடக்கிறது. கடைசியில் பெரியவர் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. உங்களைப் போன்ற தொழில் செய்பவர்கள் அவரிடம் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. நகைக் கடைக் கணக்கில் புலியாக இருப்பவருக்கு டாக்டரின் கிளினிக் கணக்கு பிடிபடாமல் போகலாம். பேசி முடித்ததை ஒரு கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், நோட்டீஸ் வந்தால் யார் பதில் சொல்வது.

பழகும் விதம்

ஆடிட்டர் கிடைத்தாகிவிட்டது. இனி உங்கள் பங்கு.

வருமான வரித் தளத்தில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். பல பேருடைய கணக்கில் ஆலோசகரின் எண்தான் இருக்கிறது. நோட்டீஸ் அவருக்குப் போகிறது, கெடு தாண்டிய பிறகு உங்களுக்குத் தெரிகிறது. ஓ.டி.பி. என்பது இந்தக் காலத்துக் கையெழுத்து. ரிட்டர்னின் பிரதியைப் படிக்காமல் அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லாதீர்கள். எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. வருமானம், கழிவுகள், வங்கிக் கணக்கு எண் என்ற மூன்று இடங்களைப் பாருங்கள். கழிவுப் பட்டியலில் நீங்கள் கட்டாத பிரீமியமோ கொடுக்காத நன்கொடையோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வரியை உங்கள் கணக்கிலிருந்து நீங்களே கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்து ‘கட்டிவிடுங்கள் சார்’ என்று சொல்லாதீர்கள். செலானை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. விஷயத்தில் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து எந்த மாதம் வரை ரிட்டர்ன் தாக்கலாகியிருக்கிறது என்று அரசுத் தளத்தில் பார்க்க பாஸ்வேர்டு கூடத் தேவையில்லை. மாதம் ஒரு முறை பாருங்கள். சரக்கு தருபவரின் எண்ணையும் அதே இடத்தில் பாருங்கள். அவர் தாக்கல் செய்யாவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய வரி வரவு தொங்கலில் நிற்கும்.

ஆடிட்டரிடம் எதையும் நடந்த பிறகு சொல்லாதீர்கள், நடக்குமுன் சொல்லுங்கள். வீடு விற்கும் ஒப்பந்தத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பேசினால், விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறாரா, எவ்வளவு பிடித்தம், வேறு வீடு வாங்க அவகாசம் எவ்வளவு, அதுவரை பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகும். ஜூலை 30-ம் தேதி இரவு போய் நின்றால் எத்தனை கெட்டிக்காரராலும் போன தேதியைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

அவரிடம் மறைக்காதீர்கள். இன்னொரு வங்கியில் இருக்கும் கணக்கை ஆடிட்டரிடம் சொல்லாமல் விட்டால் வரித் துறைக்குத் தெரியாமல் போய்விடும் என்பது பழைய காலத்து நினைப்பு. வட்டி, பங்கு விற்பனை, நிலப் பதிவு எல்லாம் உங்கள் பான் எண்ணில் சேர்ந்து வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கின்றன. தெரியாதவர் உங்கள் ஆடிட்டர் ஒருவர்தான்.

பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். இருபது வருடப் பழக்கம், எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டியதில்லை. புதிதாகத் தணிக்கையை ஏற்கும் ஆடிட்டர் பழையவருக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் வழக்கமான மரியாதை, விதியும் கூட. அந்தக் கடிதத்தில் உங்களுக்கும் லாபம் உண்டு. பழையவர் ஏன் போனார் என்பது புதியவருக்குத் தெரியவரும். அதை ஏற்காமல் ‘நானே பார்த்துக்கொள்கிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்பவரை நம்பாதீர்கள். முறைகேடு இருந்தால் ஐ.சி.ஏ.ஐ.யின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார் தரலாம். ஏற்கெனவே பொய்க் கழிவு போன ரிட்டர்ன் இருந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல், கூடுதல் வரியோடு திருத்திய ரிட்டர்ன் தாக்கல் செய்ய நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. நாள் ஆக ஆகக் கூடுதல் வரி ஏறும்.

சத்யத்துக்குப் பிறகு சட்டம் சும்மா இருக்கவில்லை. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் ஓர் ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. தணிக்கை செய்பவரே அதே கம்பெனிக்குக் கணக்கும் எழுதுவது தடை செய்யப்பட்டது. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018-ல் தனி ஆணையம் வந்தது. நம் வீட்டுக் கணக்குக்கு இப்படிக் காவல் எதுவும் இல்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல ஆடிட்டர் எப்படி இருப்பார் என்று கேட்பவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்லலாம். அவர் எப்போதாவது ‘முடியாது’ என்று சொல்வார். ‘இந்தச் செலவுக்கு பில் எங்கே? பில் இல்லாமல் எழுத மாட்டேன்’ என்பார். அப்போது கோபம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய ரீஃபண்ட் கண்ணில் நிற்கும். அன்றைக்கு ஆடிட்டரை மாற்றாதீர்கள். சத்யம் கணக்கில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி, வங்கிக்குத் தானே ஒரு கடிதம் எழுதியிருந்தால், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அந்த ஜனவரி மாதச் சம்பளம் வருமா என்று கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.